மாயெஸ்திரோ எனக்குப் போட்ட மெட்டு

வயோதிபரைப் பார்க்கிற வேலைக்கு வருகிறவனுக்கு முதுகு பலமாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நெஞ்சு அதைவிடப் பலமாக இருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. முதுகுக்கு வேலை தூக்கும்போதும் குளிப்பாட்டும்போதும்தான். நெஞ்சு திடுக்கிடுவதற்கு நேரகாலம் கிடையாது. பலெர்மோவில் இதே தொழிலில் இருந்து சீரழிகிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சூப்புக் கோப்பையோடு அறைக்குள் போய், கட்டிலில் ஆளைக் காணாமல் கைகால் விறைத்து நிற்காத ஒருத்தராவது எங்களில் இருந்தால் சொல்லுங்கள், அவருக்கு மாலை போடுகிறேன்.

நான் முன்பு சியாகுல்லித் தோட்டங்களில் மாண்டரின் தோடம்பழம் பிடுங்கினவன். மரங்கள் மனிதரைத் திடுக்கிட வைப்பதில்லை. அதை விட்டுவிட்டு, பொலிதேயாமாப் பக்கத்தில் நாலாம் மாடியில் இருந்த ஒரு ரஷ்யக் கிழவரைப் பார்க்கிற வேலைக்குப் போனேன். தொண்ணூறைத் தாண்டியவர். சோவியத் நாடு என்று ஒன்று இருந்த காலத்தில் அங்கே படங்களுக்கு இசையமைத்தவர். இசை மேதைகளை இங்கே கூப்பிடுகிறபடி எல்லாரும் அவரை மாயெஸ்திரோ என்பார்கள், நானும் அப்படியே. மகள் வேரா ஓர் இத்தாலியரைக் கட்டி இங்கே வந்தவர். தாய் இறந்தபிறகு தகப்பனையும் அவருடைய பியானோவையும் இங்கே எடுப்பித்தார். பிறகு வேலை மாறி மகள் பொலோஞ்ஞாவுக்குப் போக, தகப்பனும் பியானோவும் பலெர்மோவில் மிஞ்சினார்கள். மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். நான் அவரை மரியாதையாகச் சிஞ்ஞோரா என்று கூப்பிடுவேன். எனக்கு முன்னால் இருவரும் இத்தாலியன்தான் கதைப்பார்கள். என் காதில் அது எங்கட தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே சிஞ்ஞோரா வேரா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "அப்பா என்னை மெல்ல மெல்ல மறந்துகொண்டு வாறார். முழுசா மறந்திட்டாரெண்டால் அவரை இஞ்சை வைச்சிருக்கிறதிலை அர்த்தமில்லை. பொலோஞ்ஞாவிலை எனக்குக் கிட்ட உள்ள முதியோர் இல்லத்திலை விடப்போறன். அங்கை பியானோ கொண்டுபோக ஏலாது." பியானோ இல்லாவிட்டால் அந்த மனுஷர் ஒரு மாதம் தாங்கமாட்டார் என்பது போகப்போக எனக்குத் தெரிந்தது. என் வேலையும் அதோடு போகும். வேலையைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டிய என் வதிவிட அனுமதி, அதுதான் பெர்மெஸ்ஸோ, அந்தரத்தில் தொங்கும்.

குசினிக்குள் ஆரோ

முதல் நாள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் பியானோ மெல்ல அழத் தொடங்கியது. கண்ணைத் துடைக்கக் கத்தியை வைத்தேன், நின்றுவிட்டது. கத்தியை எடுத்தேன், மறுபடி அழுதது. நிலம் துடைக்க வாளியைத் தூக்கினால், பியானோவும் என்னோடு தண்ணீர் சுமந்து மூச்சு வாங்கி நடந்தது. உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. வன்னியில் நாங்கள் 'வண்டு' என்று சொன்ன வேவு விமானம் தலைக்குமேல் சுற்றின காலத்துக்குப் பிறகு, என்னை இவ்வளவு கவனமாக ஒருத்தரும் பார்த்ததில்லை.

கை தவறிப் பானை மூடி விழுந்தது. உடனே உள்ளே பத்து விரலாலும் ஒரே அடி. எகிறிப்போய்ப் பார்த்தால், மாயெஸ்திரோ கதவிடுக்கால் என்னையே பார்த்தபடி பியானோவில் இருக்கிறார். ஆயுள் முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்து இசை எழுதின மனுஷர். வீட்டில் திரை இல்லை, அதனால் நான் திரை. என்னைவிட அவருக்குத்தான் கோபம்: "மூடியைப் போடமுன்னம் ஒருக்கால் மூச்சு எடு. சொல்லாமல் கொள்ளாமல் போட்டால் நான் எப்பிடி அந்த இடத்தைப் பிடிக்கிறது?"

கழுத்தில் தொங்கின கடிகாரம்

மாயெஸ்திரோவின் கழுத்தில் கயிறு கட்டி ஒரு கடிகாரம் தொங்கும். ஓட்டப்போட்டிக்கு அமத்துவார்களே, அந்த வகை. காட்சி முடிகிற இடத்தில் இசையும் முடியவேண்டும் என்பதால், அந்தக் காலத்தில் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுவாராம். இப்போது அதைப் பிடித்துக்கொண்டு என்னை அளந்தார். கதவை மெதுவாகத் திறந்தால், "சனம் கொலைகாரன் வாறான் எண்டு நினைக்கும்" என்பார். முதுகு தேய்த்தால், "இந்தக் காட்சி இழுபடுது, வெட்டு" என்பார். குளிக்கும்போதும் கழற்ற விடமாட்டார்.

ஒரு மத்தியானம் சூப்போடு போகிறேன், மனுஷர் கட்டிலில் வாயைத் திறந்தபடி கிடக்கிறார். கூப்பிட்டேன், அசைவில்லை. உலுப்பினேன், அசைவில்லை. கோப்பையை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நெஞ்சில் காதை வைத்தால் டிக் டிக் டிக் என்று தறிகெட்டு ஓடுகிறது. இருதயம் வெடிக்கப்போகிறது என்று நினைத்து, எனக்குத் தெரிந்த கடவுள்மார் எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டு போனுக்குப் பாய்ந்தேன். பின்னால் 'கிளிக்' என்று ஒரு சத்தம். திரும்பினால், மாயெஸ்திரோ எழும்பி இருந்து கடிகாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். "நான் செத்தபிறகு நீ அழத் தொடங்க நேரம் கூடிப்போச்சு. அதுக்குள்ளை சனம் எழும்பி வீட்டை போயிடும்."

பயணம் வெளிக்கிட்டால்

ஒருநாள் கண் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. கோட்டு, தொப்பி, சப்பாத்து எல்லாம் போட்டுவிட்டு, "சரி, போட்டு வருவம்" என்று கதவைத் திறந்தேன். மாயெஸ்திரோ திடீரென்று வாசலடிக் கதிரையில் இருந்துவிட்டார். தலை குனிந்தது. கை இரண்டும் மடியில் விழுந்தன. கேட்டால் பதில் இல்லை. பக்கவாதம் என்று முடிவுகட்டினேன். எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் காட்டின படத்தில் இருந்த ஆளும் அச்சொட்டாக இப்படித்தான் இருந்தார். அம்புலன்சுக்கு அடித்துவிட்டு, வாய் கோணியிருக்கிறதா என்று முகத்தைப் பிடித்துத் திருப்பினால், கிழவர் என் கையைத் தட்டிவிட்டுத் தன் உதட்டில் விரலை வைத்தார். நானும் எதிர்க் கதிரையில் பொத்தென்று விழுந்தேன்.

ரஷ்யரிடம் அது வழமையாம். பயணம் வெளிக்கிடமுன் வீட்டில் உள்ள எல்லாரும் கொஞ்ச நேரம் வாய் பேசாமல் இருந்து எழும்பினால்தான் போகிற காரியம் சரிவருமாம். படலை தாண்டும்போது ஆராவது "எங்கை போறியள்" என்று கேட்டுவிட்டால், திரும்பி வந்து இருந்து தண்ணி குடித்துவிட்டுப் போகிற சாதி நாங்கள், எனக்கு இது உடனே விளங்கியது. ஆனால் அம்புலன்ஸ்காரருக்கு விளங்கவில்லை. நாலு மாடி ஏறி அவர்கள் மூச்சு வாங்கி வந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் கோட்டோடு எதிரெதிரே கதிரையில் இருந்தோம். என்னைக் காட்டி மாயெஸ்திரோ அவர்களைச் சமாதானப்படுத்தினார்: "குறை நினைக்காதேங்கோ. இவனுக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது, இப்பதான் பழகிறான்."

மேசைக்குக் கீழே

இந்த ஊரில் புனிதர்மாருக்குப் பஞ்சமில்லை, ஒவ்வொருவருக்கும் வெடி கொளுத்தாவிட்டால் சனத்துக்குத் திருவிழா கொண்டாடின திருப்தியும் இல்லை. பட்டப்பகலில் பக்கத்துத் தெருவில் முதல் வெடி விழுந்தபோது நான் மாயெஸ்திரோவுக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வெடிக்கு மேசைக்குக் கீழே கிடந்தேன். நடுவில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகியும் இந்த உடம்பு என்னைக் கேட்காமலே குப்புற விழுந்துவிடுகிறது, அதில் எனக்கு ஆத்திரமும் வெட்கமும்தான்.

தலையைத் தூக்கினால் மேசைத்துணியை விலக்கிக்கொண்டு ஒரு செருப்புக் கால் உள்ளே வருகிறது. எழும்பி நிற்கவே என் தோள் தேவைப்படுகிற மனுஷர், தானாக முழங்காலில் இறங்கி, என் பக்கத்தில் தவழ்ந்து வந்து படுத்துவிட்டார். அவர் சின்ன வயதில் இருந்த நகரத்தையும் விமானங்கள் விட்டுவைக்கவில்லையாம். யுத்தப் படங்களுக்கு எழுதும்போது வெடிச்சத்தத்துக்கு மேளம் வைத்த ஒவ்வொரு முறையும் பேனையை வைத்துவிட்டு வெளியே நடக்கப் போய்விடுவாராம். கைக்குள் கை வைத்துக்கொண்டு வெடி முடியுமட்டும் கிடந்தோம். என் நெஞ்சு அடிப்பது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "பயப்பிடாதை, இது பொய் வெடி. உண்மையானது இவ்வளவு வடிவாக் கேக்காது."

கோதுமைக்குச் சந்தோஷம் காணாது

இசைக்கும் அதிகாரிகள் இருந்தார்கள் என்று மாயெஸ்திரோ சொன்னபோது நான் நம்பவில்லை. ஆறேழு பேர் ஒரு மண்டபத்தில் கோட்டும் சூட்டுமாக இருந்து படத்தைப் போட்டுக் கேட்பார்களாம். கூட்டுப்பண்ணைப் படம் ஒன்றில் கோதுமை வயல் காற்றில் ஆடுகிற இடத்துக்கு இவர் அமைதியாக ஒரு புல்லாங்குழல் வைத்திருக்கிறார். ஒரு அதிகாரி எழும்பி, "இந்தக் கோதுமைக்குச் சந்தோஷம் காணாது" என்றாராம். திருப்பி எழுதினார். அப்போதும் காணாது. கடைசியில் கோதுமைக்குப் பின்னால் எக்காளமும் பாடகர் கூட்டமும் நிறுத்தின பிறகுதான் பயிர் விளைய அனுமதி கிடைத்தது. எங்களிடம் ஊர் அதிகாரியான விதானையார்தான் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைப்பார், அவர்கூட நெல்லின் மனநிலையைப் பற்றிக் கேட்டதில்லை.

ஒரே ஒரு படத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. யுத்தத்துக்குப் போன மகனைத் தாய் ரயிலடியில் நாள்தோறும் வந்து காத்துப் பார்த்திருக்கிறாள். படம் முழுக்க அந்தக் காத்திருப்புக்கு இசை. கடைசியில் ஒருநாள் மகன் இறங்கி வருகிறான். "அங்கைதானே வயலின் வேணும்" என்றேன் நான். எங்கட படங்களில் என்றால் நூறு வயலின் கதறும். மாயெஸ்திரோ என்னை அருவருப்போடு பார்த்தார். "பாத்திருந்த ஆள் வந்தாப்பிறகு இசை என்னத்துக்கு? இசை வராத ஆளுக்கு. வந்த ஆளைப் பாக்கத்தான் வேணும்" என்றார். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டாராம். அதன்பின் கனகாலம் அவருக்குப் படமே கொடுக்கவில்லை. கையிலிருந்த சூப்பு ஆறிப்போனதும் தெரியாமல் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்த அதிகாரி சொன்னதை அதே குரலில் மாயெஸ்திரோ சொல்லிக் காட்டினார்: "தோழர், அந்தத் தாய்க்கு மகனிலை பாசமில்லை எண்டெல்லோ சனம் நினைக்கப்போகுது."

எனக்கென்று ஒரு மெட்டு

வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் மாயெஸ்திரோவிடம் ஒரு மெட்டு இருந்தது. ஊசி போடுகிற தாதிக்குப் பியானோவின் மேல்கட்டைகளில் சுருக் சுருக்கென்று ஒன்று. தபால்காரனுக்குப் படி ஏறி இறங்குகிற ஒன்று. பெயர்கள் எல்லாம் அவர் மனதைவிட்டுப் போய்விட்டன, மெட்டுகள் போகவில்லை. எனக்கு வைத்தது அடிக்கட்டையில் தும் தும் என்று தொடங்கி, கொஞ்சம் இருமி, பிறகு எதற்கும் அசையாமல் முன்னுக்கு வருகிற ஒன்று. காலையில் நான் கதவைத் திறந்தவுடன் அது கிளம்பும். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. பல்லாரோ என்கிற சந்தைக்குள்ளால் நடந்து வேலைக்குப் போகும்போது வாய்க்குள் அதைத்தான் முணுமுணுப்பேன். போனில் பதிந்து மணியாகவும் வைத்தேன். அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரையும் அதைக் கேட்காமல் திரும்ப விடவில்லை.

ஒருமுறை சிஞ்ஞோரா வேரா வந்து நிற்கும்போது என் போன் அடித்தது. சிஞ்ஞோரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இது அப்பா அந்தக் கூட்டுப்பண்ணைப் படத்திலை டிராக்டர் வாற இடத்துக்குப் போட்டதெல்லோ." என் முகம் செத்துப்போனது. கதாநாயகனாக வேண்டாம், ஒரு மனுஷனாகவாவது என்னை நினைத்திருக்கக் கூடாதா. நேரே மாயெஸ்திரோவிடம் கேட்டேன். கொஞ்சமும் கூசாமல், "அந்தப் படத்திலை தலைவர் பொய், காதலன் பொய், கோதுமையும் பொய். டிராக்டர் மட்டும்தான் வரவேண்டிய நேரத்துக்கு வரும்" என்றார்.

எனக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி வதனியிடம் பொருமினேன். வதனி பொலிதேயாமாவில் கந்தோர்கள் துப்புரவாக்கப் போகிறவள், அவளுக்கு என்னைவிட நாக்கு நீளம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கடைசி இடப்பெயர்வில் எங்களையும் ஊர்ச்சனம் பாதியையும் ஏற்றிக்கொண்டு, டீசல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் இருமி இருமி வந்த வாகனம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "இஞ்சாருங்கோ, எங்களை உயிரோடை கொண்டுவந்து இறக்கினது ஒரு டிராக்டர்தான். கதாநாயகன் ஒருத்தரும் வரேல்லை."

மகள் வந்தால்

இத்தனை பேருக்கும் மெட்டு வைத்திருக்கிற மனுஷர், பெற்ற மகள் உள்ளே வந்தால் வாசிப்பதையே நிறுத்திவிடுவார். எந்த இடத்தில் இருக்கிறாரோ அந்த இடத்திலேயே கையை எடுத்து மடியில் வைத்துவிடுவார். மகள் போகுமட்டும் கட்டையைத் தொடமாட்டார். எனக்கு அதைப் பார்க்க ஒவ்வொரு முறையும் பகீரென்றிருக்கும். கடைசியில் சிஞ்ஞோரா ஒரு டாக்குத்தரையும் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்குத்தர் மகளைக் காட்டி, இவர் ஆர் என்று கேட்டார். மாயெஸ்திரோ மகளை மேலும் கீழும் பார்த்து, "நல்ல பொம்பிளை. தூரத்திலையிருந்து வந்திருக்கிறா. சாப்பாடு குடுங்கோ" என்றார். டாக்குத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

சிஞ்ஞோரா குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கழுவ ஒரு கோப்பையும் இல்லை, தண்ணீர் சும்மா ஓடியது. என் வேலை போகிற பயம் ஒருபக்கம் கிடக்க, அந்த முதுகு குலுங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கை துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு கிட்டப் போனேன். சிஞ்ஞோரா குழாயை மூடாமலே சொன்னார்: "தபால்காரனுக்கு ஒரு பாட்டு இருக்கு. உங்களுக்கு டிராக்டர் பாட்டு இருக்கு. எனக்கு ஒண்டுமே இல்லை."

பெட்டி கட்டின நாள்

பொலோஞ்ஞாவில் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது. நான் பெட்டி கட்டினேன், அதற்கும் மாயெஸ்திரோ வாசித்தார். தன்னுடைய உடுப்புத்தான் பெட்டிக்குள் போகிறது என்பது தெரிந்து வாசித்தாரா, தெரியாமல் வாசித்தாரா, எனக்குச் சொல்லத் தெரியாது. கம்பளிச் சட்டையை மடித்து வைக்கும்போது அந்தப் பியானோ செய்த வேலைக்கு எனக்குக் கண் முட்டிவிட்டது. சிஞ்ஞோரா உள்ளே வந்தார், வாசிப்பு நின்றது. டாக்சிக்குப் போன் அடிக்கப் பால்கனிக்குப் போனார், தொடங்கியது. திரும்பி வந்தார், நின்றது. கோட்டுப் போட்டு வாசலுக்குக் கூட்டிவந்தோம். மாயெஸ்திரோ வழமைப்படி கதிரையில் இருந்தார். சிஞ்ஞோரா பெட்டியின்மேல் இருந்தார். நானும் என் கதிரையில் இருந்தேன். பேசக்கூடாத நேரம் அது. அந்த வழமையிலேயே பிறந்து வளர்ந்த சிஞ்ஞோராதான் அதை உடைத்தார். "அப்பா, எல்லாருக்கும் வாசிக்கிறியள். நான் வந்தால் மட்டும் ஏன் நிப்பாட்டுறியள்?"

மாயெஸ்திரோ, பெயர் தெரியாத அந்த மகளை, இதென்ன கேள்வி என்று பார்த்தார். "நான் பாத்திருந்த ஆள் வந்தாச்சு. பிறகு இசை என்னத்துக்கு?" என்றார். எனக்குக் கபாலத்தில் ஓங்கி அடித்ததுபோல இருந்தது. ரயிலடித் தாயின் கதையை எனக்குச் சொன்ன அதே வாய். மகனைக் கண்ட தாய்க்குப் பாசமில்லை என்று சொன்ன அந்த அதிகாரி நினைத்ததையேதான் மகளும், டாக்குத்தரும், நானும் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தோம். சிஞ்ஞோராவின் வாய் திறந்தபடி நின்றது. அந்தப் படத்தைச் சின்ன வயதிலேயே பார்த்திருப்பார் தானே, விளங்கப்படுத்த ஒன்றும் இல்லை.

கீழே டாக்சி ஹோர்ன் அடித்தது. வழமைப்படி இனி எழும்ப வேண்டும். மாயெஸ்திரோ எழும்பவில்லை. மகளும் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. சிஞ்ஞோரா தகப்பனின் தொப்பியைக் கழற்றித் தன் மடியில் வைத்து, அந்த நரைத்த தலையைத் தடவிக்கொண்டிருந்தார். மாயெஸ்திரோ மகளின் முகத்தையே பார்த்தார். மறுபடி ஹோர்ன் அடித்தது. சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நீங்கள் கீழை போய் டாக்சியை அனுப்பிப்போட்டு வாங்கோ. நான் இதிலை இன்னும் கொஞ்சம் இருக்கப்போறன்."

போன கிழமை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் போனபோது என்ன வேலை என்று கேட்டார்கள், இன்னும் அதே நாலாம் மாடியில் வயோதிபரைப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன், டிராக்டர் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் வாகனப் பதிவு வரிசையில் போய் நிற்கச் சொல்லியிருப்பார்கள்.